மரமும் அயலானும்: சேதத்துக்கான சட்டப் பொறுப்பின் வரலாறு – ஒரு சமூகவியல் நோக்கு

யாழ்ப்பாணத்துக் காணிப் பிணக்குகளை ஆராய்வோர் வேலி, கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் ஆகியவற்றைப் பற்றியே விரிவாகப் பேசுவர். மரத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆயினும் எல்லையில் நிற்கும் மரம் இவற்றுக்குக் குறையாத பிணக்கினைத் தோற்றுவிக்க வல்லது. அதன் வேர் அயலவனின் மதிலை வெடிக்கச் செய்கிறது. கிளை அவனது தோட்டத்துப் பயிரை நிழலால் நலியச் செய்கிறது. பட்டுப்போன பனை ஒருநாட் காற்றில் அவனது கூரைமீது சரிகிறது. இச்சேதத்துக்குப் பொறுப்பாளி யார்? மரத்தின் சொந்தக்காரனா, காற்றா, அன்றி அம்மரத்தின் அயலிற் குடியிருக்க நேர்ந்தவனது விதியா?

இவ்வினாவுக்குச் சட்டம் காலந்தோறும் ஒரே விடையை அளித்ததில்லை. விடைகள் மாறியமைக்குச் சட்ட அறிஞரின் தருக்கம் மட்டும் காரணமன்று. நிலவுடைமையின் தன்மையும் நிலமுடையோர்க்கும் அயலவர்க்கும் இடையிலான உறவும் மாறியமை அதற்கு அடிப்படையாக இருந்தது. மரத்தின் பலன் யாருக்கு என்பதைச் சட்டம் மிகப் பழைய காலத்திலேயே வரையறுத்துவிட்டது. மரத்தால் விளையும் நட்டத்தை யார் ஏற்பது என்பதைத் தெளிவுபடுத்தவோ அதற்கு நெடுங்காலம் பிடித்தது. இவ்விடைவெளி ஏன் ஏற்பட்டது, அது எவ்வாறு குறைந்துவந்தது என்பவற்றை இலங்கையில் வழங்கும் சட்டத்தின் மூலங்களை அடியொற்றி இக்கட்டுரையில் நோக்குவோம்.

1. கிரேக்க, உரோமச் சட்டங்கள்

அயலவர் மரம் பற்றிய மிகப் பழைய விதிகளுள் ஒன்று ஏதென்ஸ் நகரத்துச் சோலனுடையது. கி.மு. 594 இல் ஆட்சிப் பொறுப்பேற்ற சோலன், எல்லையிலிருந்து ஐந்து அடி தள்ளியே மரம் நடவேண்டுமென விதித்தான். ஒலிவ மரமும் அத்தி மரமும் ஒன்பது அடி தள்ளி நடப்படவேண்டும். இவற்றின் வேர்கள் நெடுந்தூரம் சென்று அயல்நிலத்தின் ஊட்டத்தை உறிஞ்சும் என்பதைப் புளூட்டாக் காரணமாகக் காட்டுகிறார். சேதம் நிகழ்ந்தபின் நட்டஈடு கோரும் விதியன்று இது. சேதம் நிகழா வண்ணம் மரத்துக்கு இடம் வகுக்கும் விதி. சிறு நிலங்களை அடுத்தடுத்து வைத்திருந்த உழவர் சமுதாயமொன்றின் தேவையே இதிற் பிரதிபலிக்கின்றது.

கி.மு. 451–450 காலப்பகுதியைச் சேர்ந்தவையாகக் கொள்ளப்படும் உரோமரின் பன்னிரு பலகைச் சட்டமும் இவ்வாறான சமுதாயத்திலேயே உருவாயிற்று. அதன் விதிகளைப் பிற்காலச் சட்ட அறிஞரின் உரைகள் வாயிலாகவே நாம் அறிகிறோம். கி.பி. 533 இல் யஸ்ரீனியன் பேரரசனின் ஆணைப்படி வெளியிடப்பட்ட சட்டத் திரட்டில் அவ்வுரைகள் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் மூன்று விதிகள் எமது ஆய்வுக்கு முக்கியமானவை.

முதலாவது, கவிந்து நிற்கும் மரம் பற்றியது. அயலவனின் வயல்மீது மரம் கவிந்து நின்றால், நிலத்திலிருந்து 15 அடி உயரம் வரையுள்ள கிளைகள் தறிக்கப்படவேண்டும். அயலவனின் வீட்டின்மீது கவிந்து நின்றால் மரமே வெட்டப்படவேண்டும். சொந்தக்காரன் மறுப்பின் அயலவன் தானே வெட்டி விறகையும் எடுத்துக்கொள்ளலாம். வயலுக்கும் வீட்டுக்கும் இடையே காட்டப்படும் வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. வயலுக்கு வருவது நிழலால் ஏற்படும் பயிர்க்குறைவு. வீட்டுக்கு வருவதோ உயிராபத்து.

இரண்டாவது, காற்றினால் அயல்நிலத்தின்மீது சாய்ந்துவிட்ட மரத்தை அகற்றுவிக்க வழக்குத் தொடரும் உரிமை.

மூன்றாவது, அயல்நிலத்தில் விழுந்த பழத்தைப் பொறுக்கும் உரிமை. மரத்துக்குரியவன் ஒன்றைவிட்டொரு நாள் அயல்நிலத்துட் புகுந்து தன் பழங்களைச் சேகரிக்கலாம். அயலவன் அதனைத் தடுத்தலாகாது.

பழத்தைத் தொடர்ந்து அயல்நிலத்துட் செல்லச் சொந்தக்காரனுக்கு உரிமை இருந்தது. ஆனால் மரம் விழுந்தபின் அதனாலாகிய சேதம் அவனைத் தொடர்ந்து சென்றதா என்பதே கேள்வி. இதற்கு விடை காண உரோமச் சட்டத்தின் மற்றொரு பகுதியை நோக்குதல் வேண்டும். இடிந்து விழக்கூடிய நிலையிலுள்ள கட்டடத்தால் ஆபத்து நேருமென அஞ்சும் அயலவன், நீதிபதியை அணுகி, சேதம் நேரின் ஈடு செய்வதாகச் சொந்தக்காரனிடமிருந்து பிணையுறுதி பெறலாம். உறுதியளிக்க மறுப்பவனின் ஆதனத்தை அயலவனின் கைவசம் ஒப்படைக்கவும் நீதிபதிக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் முன்னரே உறுதி கோராதவன், கட்டடம் இடிந்தபின் நட்டஈடு கோர முடியாது. இடிபாடுகளை அகற்றுமாறு, அன்றேல் அவற்றைக் கைவிடுமாறு மாத்திரமே அவன் கேட்கலாம்.

இதன் உட்பொருள் யாதெனில், பொறுப்பு அறிவித்தலிலிருந்து பிறக்கிறது என்பதாகும். ஆபத்தை எடுத்துச் சொன்னவனுக்கே பரிகாரம் உண்டு, வாளாவிருந்தவனுக்கு இல்லை. தம்முள் ஏறத்தாழச் சமமான இரு குடிமக்களிடையே இவ்விதி நியாயமாகவே தோன்றும். ஆனால் எடுத்துச் சொல்லும் துணிவே இல்லாத ஒருவன் அயலவனாக இருக்கும்போது இவ்விதி என்னாகும்? இவ்வினாவுக்குப் பின்னர் மீள்வோம்.

2. தேசவழமையும் ஒல்லாந்தர் சட்டமும்

யாழ்ப்பாணத்தின் வழக்காறுகளை எழுத்தில் வடிக்கும் பணி ஒல்லாந்தர் ஆட்சியில் மேற்கொள்ளப்பட்டது. திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் அதனை நிறைவுசெய்தான். பன்னிரு முதலிமார் அதனைப் பரிசீலித்து ஒப்புதல் அளித்தனர். பிரித்தானியர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்டவலு வழங்கினர்.

தேசவழமையில் மரம் பெறும் இடம் சிறப்பானது. பிறனது நிலத்தில் மரம் நட்டவனுக்கும் நிலத்துக்குரியவனுக்கும் இடையே பலன் எவ்வாறு பங்கிடப்படும் என்பதை அது கூறுகிறது. அயல்நிலத்தின்மேற் சாய்ந்து வளரும் மரத்தின் பலனைப் பற்றியும் பேசுகிறது. நிலத்தில் நிலைபெற்ற யாவும் நிலத்துக்கே உரியவை என்பது உரோமச் சட்டத்தின் பொதுக் கொள்கை. அதற்கு மாறாக, நட்டவனின் உழைப்பைத் தனியுரிமையாக மதிக்கும் மரபு இங்கு காணப்படுகிறது. பனையும் தென்னையும் ஒரு குடும்பத்தின் உணவாகவும் கூரையாகவும் வேலியாகவும் வருமானமாகவும் விளங்கிய பொருளாதாரத்தில் இது வியப்புக்குரியதன்று. மரம் அங்கே முதலாவதாகச் செல்வம். ஆபத்து என்பது அதன் பின்னரே.

மேலும், தேசவழமையை ஒல்லாந்தருக்கு எடுத்துரைத்தோரும் சரிபார்த்தோரும் நிலமுடைய வகுப்பினர். அவர்களது வினாக்கள் பலனையும் பங்கையும் முதுசத்தையும் சீதனத்தையும் சுற்றியே எழுந்தன. பிறனது வளவில் ஒரு கொட்டிலிட்டுக் குடியிருந்தவன், தன் தலைக்குமேல் நின்ற மரத்தைப் பற்றி என்ன நினைத்தான் என்பதை எவரும் அவனிடம் கேட்டிருக்கமாட்டார்.

ஒல்லாந்தரது சொந்தச் சட்டமாகிய உரோமன்-டச்சுச் சட்டம் வேறொரு வழியாக எம்மை வந்தடைந்தது. குரோசியஸ் 1631 இல் வெளியிட்ட நூலும், உரோமச் சட்டத் திரட்டின் தலைப்புகளை வரிசையாகப் பின்பற்றி வூட் எழுதிய பேருரையும் இச்சட்டத்தின் முதன்மை மூலங்களுட் சிலவாகும். பிரித்தானியர் 1799 செப்டெம்பர் 23 ஆம் திகதிப் பிரகடனத்தின் வாயிலாக, ஒல்லாந்தர் காலத்திற் செயற்பட்ட சட்டங்களே தொடர்ந்து வழங்குமென அறிவித்தனர். இதன் பயனாக, பன்னிரு பலகையின் வழிவந்த கருத்துகள் ஈராயிரம் ஆண்டுகள் கடந்து இலங்கை நீதிமன்றுகளை எட்டின. சேதத்தை விளைவித்தவனின் தவறு, அதாவது வேண்டுமென்றே செய்தமையோ கவலையீனமோ, நிறுவப்பட்டாலன்றி நட்டஈடு இல்லை என்பது இச்சட்டத்தின் தீங்கியற் கோட்பாடாகும். எனினும் நீதிபதிகளும் சட்டத்தரணிகளும் ஆங்கில மரபிற் பயின்றோராகையால், ஆங்கிலத் தீர்ப்புகளும் இங்குப் பெருஞ்செல்வாக்குப் பெற்றன. ஆதலால் ஆங்கிலச் சட்டத்தின் போக்கையும் நாம் நோக்குதல் வேண்டும்.

3. ஆங்கிலச் சட்டம்: "இயற்கை" என்னும் கேடயம்

கிளை எல்லை தாண்டுவதைப் பொறுத்தவரை ஆங்கிலச் சட்டம் அயலவனுக்குச் சாதகமாகவே இருந்தது. லெமன் எதிர் வெப் என்னும் வழக்கில் பிரபுக்கள் சபை 1894 இல் அளித்த தீர்ப்பின்படி, தன் நிலத்தின்மீது நீண்ட கிளைகளை அயலவன் முன்னறிவித்தலின்றியே எல்லைவரை வெட்டலாம். பன்னெடுங்காலம் அவ்வாறு கவிந்து நின்றமையால் மரத்துக்குரியவன் உரிமை எதனையும் பெற்றுவிடமாட்டான். ஆனால் வெட்டிய கிளையின் பழம் அவனுக்குரியதன்று. மில்ஸ் எதிர் புறூக்கர் வழக்கில், தன் நிலத்தின்மேல் நீண்ட கிளையிலிருந்த அப்பிள்களைப் பறித்து விற்றவன் அவற்றின் பெறுமதியை மரத்துக்குரியவனுக்குச் செலுத்தவேண்டுமென 1919 இல் தீர்க்கப்பட்டது. எல்லை தாண்டியும் பழம் உடைமையாகவே இருந்தது.

சேதம் என்று வரும்போதோ நிலைமை வேறு. 1878 இல் தீர்க்கப்பட்ட வழக்கொன்றில், மயானசபையொன்று நட்ட நச்சுத்தன்மையுள்ள யூ மரத்தின் கிளைகள் வேலிக்கு அப்பாற் சென்றிருந்தன. அவற்றைத் தின்ற அயலவனின் குதிரை இறந்தது. சபை பொறுப்பாளியாகக் காணப்பட்டது. மரம் நடப்பட்டது, கிளை எல்லை தாண்டியது என்பன இதற்கு அடிப்படை. ஆனால் 1890 இல் ஜைல்ஸ் எதிர் வாக்கர் வழக்கில், ஒருவன் உழுதுவிட்டுக் கவனியாது விட்ட நிலத்தில் முட்செடிகள் பெருகி, அவற்றின் விதைகள் காற்றிற் பறந்து அயல்நிலத்தைப் பாழாக்கியபோது, அது இயற்கையின் வளர்ச்சி, அதனைத் தடுக்கும் கடமை எவருக்கும் இல்லை எனத் தீர்க்கப்பட்டது.

தானாக முளைத்ததற்குத் தான் பொறுப்பல்ல என்னும் இவ்வாதம் யாருக்குப் பயன்பட்டது என்பதைச் சிந்தித்தல் வேண்டும். பெருந்தோப்புகளும் வேட்டைக் காடுகளும் பரந்த தரிசுகளும் உடையோர்க்கே "இயற்கையாக" வளர்ந்தவை ஏராளமாக இருந்தன. சிறு தோட்டக்காரனுக்கு அவ்வாறு எதுவுமில்லை. நிலத்தின் பலன் முழுவதும் உடைமையாளனுக்கு, நிலத்தின் தீங்கு இயற்கைக்கு என்னும் பங்கீட்டினை இக்கோட்பாடு நியாயப்படுத்திற்று எனக் கருத இடமுண்டு. நீதிபதிகள் அவ்வாறு எண்ணித் தீர்ப்பளித்தனர் என்பது எமது வாதமன்று. அக்காலத்து நிலவுடைமையின் வடிவம் அவர்களுக்கு இயல்பானதாகத் தோன்றியது என்பதே நாம் கூறவிழைவது.

மரம் முறிந்து விழும் வழக்குகளில் "அறிந்தமை" என்னும் அளவுகோல் மெல்ல மெல்ல முன்னணிக்கு வந்தது. 1926 இன் நோபிள் எதிர் ஹரிசன் வழக்கில், தெருவின்மேல் நீண்டிருந்த பீச் மரக்கிளையொன்று காற்றில்லாத நல்ல நாளில் முறிந்து, கீழே சென்ற பயணிகள் மோட்டார் வண்டிமீது விழுந்தது. கிளையின் உட்பிளவு எவருக்கும் புலப்பட்டிராது என்பதால் சொந்தக்காரன் பொறுப்பிலிருந்து விடுபட்டான். வேர்நோய் கண்ட எல்ம் மரமொன்று மோட்டார் காரின்மீது வீழ்ந்த வழக்கிலும் பிரபுக்கள் சபை 1950 இல் இவ்வாறே தீர்த்தது. இவ்வழக்குகளிற் சொந்தக்காரர் வென்றனர் என்பது உண்மையே. ஆயினும், குறை புலப்பட்டிருந்தால் அவர்கள் தோற்றிருப்பர் என்னும் கருத்து அவ்வெற்றிக்குள்ளேயே அடங்கியிருந்தது.

4. 1966: எரியும் மரமும் உடையவனின் வசதியும்

இக்கோட்பாட்டின் திருப்புமுனை அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. மேற்கு அவுஸ்திரேலியாவில் 1961 பெப்ரவரியில் ஏறத்தாழ 100 அடி உயரமான செங்கோந்து மரமொன்று மின்னலால் தாக்குண்டு தீப்பற்றியது. நிலத்துக்குரியவன் மரத்தைச் சுற்றித் துப்புரவாக்கி, அதனை வெட்டி வீழ்த்துவித்தான். அதுவரை அவன் செய்தது சரியே. அதன்பின் நீரூற்றி அணைத்திருக்கலாம். அவ்வாறன்றி, தானே எரிந்து அடங்கட்டும் என விட்டுவிட்டான். சில நாட்களிற் காற்று வலுத்தது. தீ பரவி அயலவர் நிலங்களை அழித்தது.

கோல்ட்மன் எதிர் ஹாகிறேவ் எனப்படும் இவ்வழக்கில், கோமறைக் கழகத்தின் சார்பில் வில்பர்போஸ் பிரபு 1966 இல் தீர்ப்பை வழங்கினார். மின்னலை அனுப்பியவன் நிலத்துக்குரியவன் அல்லன், மரத்தை நட்டவனுமல்லன். ஆயினும் ஆபத்து தன் நிலத்தில் இருப்பதை அவன் அறிந்தான். அயலவருக்கு நேரக்கூடிய தீங்கையும் முன்னுணரக்கூடியவனாயிருந்தான். சிறு முயற்சியாலும் செலவாலும் அதனைத் தடுக்கவும் முடிந்திருந்தது. எனவே அவன் பொறுப்பாளியாவான். "இயற்கை" என்னும் கேடயம் இங்கு உடைந்தது.

இத்தீர்ப்பின் மற்றொரு கூறு எமது நோக்கில் இன்னும் முக்கியமானது. தான் உண்டாக்காத ஆபத்து ஒருவன்மீது சுமத்தப்படும்போது, அவனிடம் எதிர்பார்க்கப்படுவது அவனது நிலைக்கேற்ப அளவிடப்படவேண்டும் என்று அது கூறிற்று. உடல்வலிமை உள்ளவனிடம் எதிர்பார்ப்பதை நலிந்தவனிடம் எதிர்பார்த்தலாகாது. பெருநிலமும் வசதியும் உடையவனிடம் எதிர்பார்ப்பதைச் சிறுநிலமுடையவனிடம் எதிர்பார்த்தலாகாது. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் வெறும் வாய்பாட்டைக் கடந்து, உடைமை மிகுமிடத்துக் கடமையும் மிகும் என்னும் கருத்துச் சொத்துச் சட்டத்துள் நுழைந்த அரிய தருணங்களுள் இதுவும் ஒன்று. 1979 இல் ஆங்கில மேன்முறையீட்டு நீதிமன்றம், இயற்கையான மேடொன்று சரிந்து அயல்வீடுகளைத் தாக்கிய வழக்கில் இக்கொள்கையை ஏற்றுக்கொண்டது. அத்துடன் ஜைல்ஸ் எதிர் வாக்கர் தீர்ப்பும் செல்வாக்கிழந்தது.

உரோமன்-டச்சுச் சட்டம் வழங்கும் தென்னாபிரிக்காவின் அனுபவமும் ஒப்புநோக்கத்தக்கது. மல்ஹேர்ப் எதிர் சேரெஸ் நகரசபை வழக்கில் (1951), தெருவோர ஓக் மரங்களின் இலைகள் பீலிகளை அடைப்பது நகரவாழ்வில் அயலவர் பொறுத்துக்கொள்ளவேண்டிய சாதாரண இடர் எனக் கொள்ளப்பட்டது. எல்லை தாண்டும் வேருக்கும் கிளைக்கும் அது பொருந்தாது. 2003 இன் வோகல் எதிர் குறூ வழக்கிலோ, அயலவனது முறைப்பாட்டோடு மரம் சூழலுக்கு அளிக்கும் நன்மையையும் நீதிமன்று சீர்தூக்கிப் பார்த்து, மரத்தை அகற்றக் கட்டளையிட மறுத்தது. மரத்தின் பக்கமும் ஒரு வழக்கு உண்டு என்பதை அண்மைக்காலச் சட்டம் உணரத் தொடங்கியுள்ளது.

5. இலங்கையில் அயலவனின் நிலை

மேற்கூறியவற்றிலிருந்து, மரத்தாற் சேதமுற்றவனின் நிலையைப் பின்வருமாறு தொகுத்துக் கூறலாம்.

(அ) கிளையோ வேரோ எல்லை தாண்டின், அதனை அகற்றுமாறு சொந்தக்காரனைக் கேட்பதே உரோமன்-டச்சு மரபின் முதற்படி. அவன் மறுப்பின், எல்லைவரை வெட்டலாம். அன்றேல் நீதிமன்றின் கட்டளையை நாடலாம்.

(ஆ) நலமான மரம் அசாதாரணப் புயலில் விழுந்தால் நட்டஈடு கோருதல் அரிது. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் தென்னந்தோப்புகள் பரந்தளவில் அழிந்தன. அத்தகைய பேரழிவில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குற்றவாளியைத் தேடமுடியாது.

(இ) பட்டுப்போன, உளுத்த, அல்லது ஆபத்தாகச் சாய்ந்த மரம் என்பது புலப்பட்டும் அதனை விட்டுவைத்தவன், காற்றைக் காரணங்காட்டித் தப்பமுடியாது. காற்று அங்கே சேதத்தின் தருணமேயன்றிக் காரணமன்று.

இவற்றோடு, பொதுத் தொல்லையை அகற்றுவிக்கும் கட்டளையை வழங்க 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவு நீதவானுக்கு அதிகாரம் அளிக்கிறது. ஆபத்தான மரங்கள் பற்றிய முறைப்பாடுகளும் இவ்வழியே நீதிமன்றை அடைவதுண்டு. மறுபுறத்தில், 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிப்பதைத் தடுக்கிறது. உணவளிக்கும் மரத்தைக் காப்பதும் உயிர்பறிக்கக்கூடிய மரத்தை அகற்றுவதும் ஒரே அரசின் இரு கடமைகள். இரண்டும் ஒரு மரத்திலேயே சந்திக்கும்போது, அனுமதி பெறுவதற்கான அலைச்சல் பெரும்பாலும் ஏழை அயலவனின் தலையிலேயே விழுகின்றது.

இனி, முன்னர் எழுப்பிய வினாவுக்கு வருவோம். அறிவித்தலிலிருந்து பொறுப்புப் பிறக்கும் என்ற கொள்கை, அறிவிக்கக்கூடிய அயலவனை முன்னிபந்தனையாகக் கொள்கிறது. எமது கிராமங்களிற் குடிமை முறையின்கீழ் நிலக்காரனின் வளவிற் குடியிருந்தோரின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கொட்டிலின்மேற் சாயும் மரம் நிலக்காரனுடையது. கொட்டில் நிற்கும் நிலமும் அவனுடையதே. மரத்தைப் பற்றி முறையிடுபவன் மறுநாள் குடியெழும்பவேண்டி நேரலாம். இத்தகைய உறவுகளிடையே "அவன் முன்னரே சொல்லவில்லையே" என்பது நியாயமான எதிர்வாதமாகாது. காணியற்றோர் பெருந்தோட்டங்களின் ஓரங்களிலும் லயன் அறைகளின் பின்புறங்களிலும் வாழும் மலையகத்துக்கும் இது பொருந்தும். அங்கு மரமும் மண்மேடும் ஒருவரது உடைமை. அவற்றின் கீழ் உறங்குவோர் வேறொருவர்.

ஆதலால், முறைப்பாடு கிடைத்ததா என்பதை மட்டும் வினவுதல் போதாது. சொந்தக்காரன் தானாகவே கண்டிருக்கக்கூடியதை ஏன் காணவில்லை என்பதையும் சட்டம் வினவவேண்டும். பெருநிலமுடைய தனியாரும் கம்பனிகளும் அரச நிறுவனங்களும் குடியிருப்புகளை அண்டிய தம் மரங்களைக் காலத்துக்குக் காலம் பரிசோதிக்கும் கடமையுடையோராகக் கொள்ளப்படவேண்டும். ஒற்றைப் பனையுடைய விதவையிடம் இவ்வளவும் எதிர்பார்த்தல் தகாது. அவளுக்கு உள்ளூராட்சி மன்றம் துணைநிற்றல் வேண்டும். 1966 இன் தீர்ப்பு காட்டிய அளவுகோல் இவ்விருவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்காதிருக்க எமக்கு வழிகாட்டுகிறது.

6. முடிவுரை

சோலனின் ஒன்பது அடியிலிருந்து கோமறைக் கழகத்தின் தீர்ப்புவரை நாம் கண்ட வரலாறு, உடைமை என்பது உரிமை மட்டுமே என்னும் நிலையிலிருந்து, அது அயலவர்க்கான கடமையையும் உள்ளடக்கும் என்னும் நிலைக்குச் சட்டம் தயங்கித் தயங்கி நகர்ந்த வரலாறாகும். பழம் எல்லை தாண்டியபோது அதனைத் தொடர்ந்துசென்ற உடைமையாளன், கிளை முறிந்து விழுந்தபோது இயற்கையின் பின்னால் ஒளிந்துகொண்டான். அம்மறைவிடம் இன்று பெருமளவு அகற்றப்பட்டுவிட்டது. எஞ்சியிருப்பது, அயலவனுக்கு முறையிடும் துணிவைத் தரும் சமூக உறவுகளை ஆக்குதலாகும். இது நீதிமன்றுகளால் மட்டும் ஆகக்கூடியதன்று. நிலமற்றோர்க்கு நிலம் கிடைக்கும்போதே அவர்கள் முழுமையான பொருளில் அயலவர் ஆவர். தேசவழமை, உரோமன்-டச்சுச் சட்டம், ஆங்கிலத் தீர்ப்புகள் ஆகிய மூன்றும் எமது மண்ணிற் கலந்த முறையினை இந்நோக்கில் விரிவாக ஆராய்தல் சட்ட மாணவர்க்கும் சமூகவியல் மாணவர்க்கும் ஒருங்கே உரிய பணியாகும்.